பரணில் கிடைத்த ஏர்ஃபிக்ஸ் நேட்: பின் சீட்டை அடைத்தால் சேகோன் விமானம் ஆகிவிடுமா?

சூலூரான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கமுங்க. போன வாரம் பொள்ளாச்சியில சித்தப்பா வீட்டுப் பரணை ஒழிச்சோம். டிரங்குப் பெட்டிக்குள்ள, பழைய கடுதாசிக் கட்டுக்கு அடியில, ஏர்ஃபிக்ஸ் கம்பெனியோட ஒட்டிச் செய்யற பிளாஸ்டிக் விமான கிட், 1/72 அளவுல (நிஜத்துல 72ல ஒரு பங்கு) ஃபாலண்ட் நேட் போர் விமானம். அட்டைப் பெட்டி இல்லைங்க. பிளாஸ்டிக் பை, வாய்ப்பக்கம் மடிச்சுப் பின் அடிச்ச படக் காகிதம். சித்தப்பா சரக்குக் கப்பல்ல வேலை பார்த்தவர். 1967 வாக்குல லண்டன்ல வூல்வொர்த்ஸ் கடையில வாங்கினாராம். ஏன் இதை எடுத்தீங்கன்னு கேட்டா, "இருந்ததுலயே அதுதான் விலை கம்மி" அப்படீங்கிறார்.

கிட் முழுசா இருக்கு. இடது இறக்கையை மட்டும் அவர் அப்பவே ஒட்டிப் பார்த்திருக்கார். பசை வழிஞ்சு பிளாஸ்டிக் இளகி, அதுல அவரோட கட்டைவிரல் ரேகை அப்படியே பதிஞ்சு கெட்டியாயிருக்கு, போலீஸ் ஸ்டேஷன்ல எடுத்த மாதிரி. டீக்கால் ஷீட் (தண்ணியில நனைச்சு ஒட்டற சின்னங்கள்) மஞ்சளாயிடுச்சு.

என் திட்டம் இதுதான். விமானப் படையோட 18ஆவது ஸ்குவாட்ரனை 2020 மே மாசம் தேஜஸ் போர் விமானங்களோட எங்க சூலூர்லதான் திரும்ப ஆரம்பிச்சாங்க. 1971 டிசம்பர் 14ஆம் தேதி ஸ்ரீநகர்ல பாகிஸ்தானோட சேபர் விமானங்கள் குண்டு போட வந்தப்ப எதிர்த்து ஏறின ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் சேகோன் அதே ஸ்குவாட்ரன்காரர். விமானப் படையில பரம் வீர் சக்ரா வாங்கின ஒரே ஆள். அவர் ஓட்டினது நேட். அதைச் செய்யணும்.

கிட்ல ரெண்டு சீட் இருக்கு. பின் சீட்டை எடுத்துட்டுப் பட்டி போட்டு மேலே மூடிட்டா சரியாப் போகும்தானுங்களே?

ரிவெட்_ராமன்

போகாது.

கையில் இருப்பது நேட் டி.1. பிரிட்டன் விமானப் படையின் பயிற்சி விமானம். இந்தியா ஓட்டியது ஒற்றை இருக்கைச் சண்டை விமானம், எஃப்.1 வகை. பெயர் ஒன்று, உடம்பு வேறு. கணக்கைப் பாருங்கள்.

டி.1 நீளம் 9.68 மீட்டர், எஃப்.1 நீளம் 8.74 மீட்டர். 72ஆல் வகுத்தால் 134 மி.மீ., 121 மி.மீ. ஆக உடலில் 13 மி.மீ. வெட்ட வேண்டும். இறக்கை நுனிக்கு நுனி 7.32 மீட்டர், 6.73 மீட்டர். அதில் 8 மி.மீ. போக வேண்டும்.

இத்தோடு முடிந்தால் ரம்பத்தை எடுங்கள் என்று சொல்லியிருப்பேன். இறக்கைப் பரப்பைப் பாருங்கள்: டி.1க்கு 175 சதுர அடி, எஃப்.1க்கு 136.6. பரப்பை அகலத்தால் வகுத்தால் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை சராசரியாக 31 மி.மீ. எதிர் 26 மி.மீ. நுனியை நறுக்கினால் மட்டும் போதாது, இறக்கை முழுக்க மெலிய வேண்டும். வால் செங்குத்தும் டி.1இல் பெரியது. எல்லாம் மாற்றிய பிறகு உங்கள் சித்தப்பா வாங்கியதில் என்ன மிஞ்சும்? சக்கரம் மிஞ்சலாம்.

மயிலாப்பூர்_மாடலர்

ராமன் சார் ஆரம்பிச்சுட்டார் 😀 பாஸ், நீங்க பின் சீட்டை மூடி இந்திய விமானப் படை வட்டச் சின்னம் ஒட்டி ஷெல்ஃப்ல வைங்க. மூணடி தள்ளி நின்னு பாக்கறவனுக்கு நேட்னா நேட்.

ரிவெட்_ராமன்

மூன்றடி தள்ளி நின்றால் மாருதியும் அம்பாசடரும்கூட ஒன்றுதான். அவர் குறிப்பிட்ட ஓர் ஆள் ஓட்டிய குறிப்பிட்ட விமானத்தைச் செய்ய வேண்டும் என்கிறார். அதில் ஏமாற்றலாமா?

ஸ்காபரோக்காரன்

வணக்கம் தம்பி. நான் கனடாவில இருக்கிறன். உந்த வேலையை நான் 15 வருசத்துக்கு முந்தி செய்து பாத்தனான். பின்பக்கத்த மூடி, மூக்கில கொஞ்சம் வெட்டி, இறக்கை நுனியையும் அராவிக் குறைச்சன். முடிஞ்சாப் பிறகு பாத்தா கலியாண வீட்டுக்குத் தம்பியின்ர கோட்டைப் போட்டுக்கொண்டு வந்த தமையன் மாதிரி நிண்டுது. இப்பவும் கராஜுக்குள்ள கிடக்கு.

சேகோன்ர விமானம்தான் வேணுமெண்டா ஸ்பெஷல் ஹாபி எண்ட செக் நாட்டுக் கொம்பனி 1/72இல ஒற்றை இருக்கை நேட் விட்டிருக்கு. அதை வாங்கிச் செய்யுங்கோ. சித்தப்பாவின்ர பையில இருக்கிறது என்னவோ அதையே நல்லாச் செய்யுங்கோ. ரெண்டும் ரெண்டு வேலை.

ஷாப்_ஃப்ளோர்

நான் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அஜீத் மேல் கை வைத்திருக்கிறேன். அஜீத் என்பது நேட்டின் திருத்திய இந்திய வடிவம்; இறக்கைக்குள்ளேயே எரிபொருள் வைத்தார்கள். ராமன் கணக்கு சரி. அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

எஃப்.1இல் எய்லரான், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் பலகை, இறக்கையின் உள்பக்கம், உடலை ஒட்டி இருக்கும். இறங்கும்போது இரண்டு பக்கமும் சேர்ந்து தாழ்ந்து ஃப்ளாப் (குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தாங்கும் மடல்) வேலையையும் அதுவே பார்க்கும். டி.1இல் வழக்கம்போல வெளியே எய்லரான், உள்ளே ஃப்ளாப். ஆகவே இறக்கையைக் குறைத்தாலும் கோடுகள் தப்பாகத்தான் விழும். பிரித்துப் பூட்டியவன் கண்ணுக்கு உடனே தெரியும்.

இன்னொன்று. நேட்டுக்கு வேகம் குறைக்கத் தனி ஏர்பிரேக் கிடையாது. சக்கரக் கதவுகளே ஏர்பிரேக். சக்கரத்தைப் பாதி இறக்கினால் கதவு காற்றைப் பிடிக்கும். பழைய கிட்டுகளில் கதவு தகரம் மாதிரித் தடிமனாக இருக்கும். மற்றதை விட்டாலும் அதை மட்டும் மெல்லியதாகச் செய்யுங்கள்.

இதை வடிவமைத்த பெட்டர் என்ற பொறியாளர்தான் கான்பெரா குண்டுவீச்சு விமானத்தையும் வரைந்தவர். போர் விமானங்கள் வருஷா வருஷம் எடை கூடிக்கொண்டே போவதைப் பார்த்து வெறுத்துப்போய், சின்னதாக ஒன்று செய்து காட்டுகிறேன் என்று செய்ததுதான் நேட். சின்னது என்றால் பொறுப்பு அதிகம் தம்பி. அரை மில்லிமீட்டர் தவறினாலும் கண்ணில் படும்.

சூலூரான்

நல்லாப் புரிஞ்சுதுங்க. ரெண்டு நாள் மனசு கேக்கல, அப்புறம் ஒத்துக்கிட்டேன். சேகோனுக்கு அந்தச் செக் கிட்டைத் தேடறேன். இது டி.1ஆகவே இருக்கட்டும்.

ஆனா இன்னொரு குழப்பம். இவ்வளவு பழைய பையைப் பிரிக்கலாமுங்களா? சேகரிக்கிறவங்க நல்ல விலை குடுப்பாங்கன்னு ஒருத்தர் சொன்னார்.

மயிலாப்பூர்_மாடலர்

உங்க சித்தப்பா 1967லயே பிரிச்சுட்டாரே பாஸ், இறக்கையையும் ஒட்டிட்டார். அப்புறம் என்ன கலெக்டர்? அதோட ஏர்ஃபிக்ஸே 2012ல இதே டி.1ஐப் புது அச்சுல விட்டுட்டான். கோடெல்லாம் குழியா, காக்பிட் ஒழுங்கா. நல்ல டி.1 வேணும்கறவன் அதை வாங்கிடுவான். புது அச்சு வந்தா பழைய கிட்டுக்கு மவுசு போயிடும். அதான் நமக்கு லாபம், பயமில்லாம கத்தி வைக்கலாம்.

ரிவெட்_ராமன்

இதில் மயிலாப்பூருடன் உடன்படுகிறேன். தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த வண்ணம்? மூன்று வழி இருக்கிறது. வேல்ஸில் வேலி தளத்தில் இருந்த நான்காவது பறக்கும் பயிற்சிப் பள்ளியின் வெள்ளி நிறம் ஒன்று. பிரிட்டன் விமானப் படையின் சாகச அணியான ரெட் ஆரோஸின் சிவப்பு ஒன்று. 1965இல் ஏழு நேட்டுகளோடு தொடங்கினார்கள், 1968இலிருந்து ஒன்பது, 1979 வரை அதே விமானம்தான். மூன்றாவது மஞ்சள். ரெட் ஆரோஸுக்கு முந்திய வருஷம், 1964இல், அதே வேலி பள்ளியில் லீ ஜோன்ஸ் 'யெல்லோஜாக்ஸ்' என்று ஓர் அணி நடத்தினார். முழு மஞ்சள் நேட். ஒரே பருவம்தான். அடுத்த வருஷம் ரெட் ஆரோஸுக்கு முதல் தலைவரும் அவரே.

சூலூரான்

சித்தப்பாகிட்ட மூணு படமும் காட்டினேனுங்க. "சிவப்பு எல்லாரும் செய்வாங்க, வெள்ளி பாத்திரம் மாதிரி இருக்கு, மஞ்சள் அடி"ன்னுட்டார். முடிஞ்சுது.

இப்ப வேலைக்கு வர்றேன். பாகங்களைப் பாத்திரம் தேய்க்கிற சோப்புல கழுவிட்டேன். உடல் முழுக்க, தகடு மூட்டைக் காட்டற புடைச்ச கோடுகளும் ரிவெட் புள்ளிகளும். இதை என்ன பண்றது?

ரிவெட்_ராமன்

400 உப்புத்தாள் தண்ணீரில் நனைத்து எல்லாவற்றையும் வழித்தெடுங்கள். பிறகு 800, 1200. வழிப்பதற்கு முன் ஒரு காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துக் கோடுகளின் இடத்தைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பின்பு அதே இடத்தில் ஊசியால் கீறுங்கள். கெட்டியான லேபிள் டேப் ஒட்டி அதன் விளிம்பை வழிகாட்டியாக வைத்தால் ஊசி வழுக்காது. முதல் இரண்டு இழுப்பு இறகு போல மெல்ல இருக்க வேண்டும். அழுத்தினால் ஊசி தன் இஷ்டத்துக்குப் போகும்.

ஸ்காபரோக்காரன்

எனக்கு அதில உடன்பாடில்ல. புடைச்ச கோடு அந்தக் காலத்துக் கிட்டின்ர முகம். எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா வெட்டினா அது 2012 கிட் மாதிரித்தான் தெரியும், அதுவும் அதைவிடக் கொஞ்சம் மோசமா. பிறகேன் பழசு?

ரிவெட்_ராமன்

புடைத்த கோடு 0.3 மி.மீ. உயரம் என்று வைத்தால் நிஜ விமானத்தில் இரண்டு சென்டிமீட்டர். அப்படி வரப்பு கட்டிய விமானம் எங்கே பறந்தது?

ஷாப்_ஃப்ளோர்

குழி வெட்டினாலும் அதே இரண்டு சென்டிமீட்டர்தானே ராமன்? அந்த இடைவெளியோடு தகடு பொருத்தியிருந்தால் எங்கள் இன்ஸ்பெக்டர் என் முகத்தில் எறிந்திருப்பார். புதிதாகப் பளபளவென்று பெயின்ட் அடித்த சாகச அணி விமானத்தில் தகடு மூட்டுகள் பத்தடி தூரத்தில் தெரியவே தெரியாது. தெரிவது அசையும் இடங்கள் மட்டும்: எய்லரான், ஃப்ளாப், ரடர் (வால் செங்குத்தின் அசையும் பகுதி), சக்கரக் கதவு, காக்பிட் விளிம்பு.

என் யோசனை: எல்லாவற்றையும் வழித்துவிட்டு அசையும் இடங்களை மட்டும் கீறுங்கள். மற்றதை வெறுமையாக விடுங்கள்.

ரிவெட்_ராமன்

...சரி. மஞ்சள் விமானத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

சூலூரான்

முதல் வாரக் கணக்கு.

காக்பிட்: கிட்ல இருந்தது நாற்காலிகூட இல்லைங்க, எல் வடிவத்துல ஒரு தட்டு, அதுல ஆள் உட்கார ஒரு குழி. அதை வெட்டி எறிஞ்சுட்டு 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தாளுல தரை, பக்கச் சுவர், ரெண்டு சீட்டும் புதுசாச் செஞ்சேன். பெல்ட்டுக்கு மாஸ்கிங் டேப்பை மெல்லிசாக் கீறி ஒட்டினேன். மாணவர் முன்னாடி, வாத்தியார் பின்னாடின்னு படிச்சேன், அது சரிதானுங்களா?

காற்று உள்வாய்: ரெண்டு பக்கமும் அரை செ.மீ. உள்ளே சுவர் முட்டுது. துளை போட்டு, உருண்டை அரத்துல அகலப்படுத்தி, விளிம்பைக் கத்தி முனையில மெல்லிசாக்கினேன்.

பின்னாடி எக்ஸாஸ்டுக்கு உள்ளே ஒண்ணுமே இல்ல, எட்டிப் பார்த்தா மூக்கு வரைக்கும் தெரியுது. ஜூஸ் ஸ்ட்ரா வெட்டிச் சொருகினேன், அளவு எடுத்த மாதிரி உக்காந்துச்சு!

சொதப்பல்: இறக்கை உடலோட சேர்ற இடத்துல வலது பக்கம் கிட்டத்தட்ட ஒரு மி.மீ. இடைவெளி. இடதுல இல்ல.

ஷாப்_ஃப்ளோர்

மாணவர் முன், ஆசிரியர் பின், சரிதான்.

இடைவெளிக்குப் பட்டி போடாதே தம்பி. முதலில் பொருத்திப் பார். நேட் இறக்கை தோள் உயரத்தில் இருந்து நுனிப் பக்கம் லேசாகக் கீழே சரியும். பழைய கிட்டில் அந்தச் சரிவு இரண்டு பக்கமும் ஒன்றாக வராது. அட்டையில் முன்பார்வை வடிவம் ஒன்று வெட்டி, அதில் விமானத்தை உட்கார வைத்து, இரண்டு நுனியும் ஒரே உயரத்தில் நிற்கிற மாதிரி டேப் போட்டுக் கட்டு. அப்புறம் மிஞ்சும் இடைவெளிக்குப் பிளாஸ்டிக் சீவல் வைத்துப் பசை விடு. பட்டி கடைசியில் தலைமுடி அளவுக்குத்தான். பட்டியால் இடைவெளியை நிரப்புகிறவன் சுவருக்கு வெள்ளையடிக்கிறவன்.

மயிலாப்பூர்_மாடலர்

வெள்ளையடிக்கறவங்களும் பட்டி பார்த்துட்டுத்தான் சார் அடிப்பாங்க 😀

ஒரு டிப்: ஸ்ப்ரூ (பாகங்களைக் கோத்து வர்ற பிளாஸ்டிக் சட்டம்) துண்டுகளைப் பொடியா நறுக்கிப் பசை பாட்டில்ல போட்டு ஒரு ராத்திரி ஊற வைங்க. தேன் மாதிரி ஆயிடும். அதே பிளாஸ்டிக்ங்கறதால காஞ்சப்புறம் கிட்டோட கிட்டாத் தேயும். கார் டிங்கரிங் கடை என்.சி. பட்டியும் ஓகே, ஆனா மெல்லிசாப் போடுங்க. அதுல இருக்கற தின்னர் கெட்டியாப் போட்டா பிளாஸ்டிக்கைக் கரைக்கும். என் மிக் விமான மாடல் ஒண்ணு அப்படித்தான் இடுப்பு ஒடுங்கிப் போச்சு. ஜன்னலைத் திறந்து வச்சுட்டு வேலை பண்ணுங்க.

ஸ்காபரோக்காரன்

தம்பி, மூக்குக்குள்ள பாரம் வைச்சனீங்களோ? உடலை மூட முன்னம் வையுங்கோ. நான் மறந்துபோய் ஒட்டினாப் பிறகு, அது பின்னுக்குக் குந்தியிருந்து வானத்தப் பாத்துக்கொண்டு நிண்டுது.

சூலூரான்

வச்சேனுங்க அண்ணா, தூண்டில் ஈயக் குண்டு, அஞ்சு கிராம். முதல்ல டேப்பால உடலைக் கட்டிச் சக்கரம் வர்ற இடத்துல பேனாவை வச்சு நிறுத்திப் பார்த்தேன், முன்னாடி சாயற வரைக்கும் குண்டு சேர்த்தேன்.

இப்ப பெரிய கேள்வி. அந்த ரேகை. இடது இறக்கைக்குக் கீழ்ப்பக்கம், நடுவுல, அரை ரூபாய்க் காசு அளவு. மேல எல்லாம் 1200 வரைக்கும் தேய்ச்சாச்சு, கீழே அதைச் சுத்தித் தேய்ச்சுட்டு நிறுத்திட்டேன். என்னங்க பண்றது?

ரிவெட்_ராமன்

தேயுங்கள். பளபளப்பு மஞ்சளில் ஒவ்வொரு வரியும் எழும்பித் தெரியும்.

ஸ்காபரோக்காரன்

வையுங்கோ.

மயிலாப்பூர்_மாடலர்

வைங்க. கீழ்ப்பக்கம்தானே, ஸ்டாண்டுல மாட்டினா தெரியும், சக்கரத்துல நிறுத்தினா யாருக்கும் தெரியாது.

ஷாப்_ஃப்ளோர்

நான் வாக்களிக்கவில்லை. சக்கரக் கதவு மெல்லியதாக ஆனதா?

சூலூரான்

ஆச்சுங்க ஐயா. கிட் கதவை அளவுக்கு வச்சுத் தயிர் டப்பா மூடியில வெட்டினேன், விரல்ல வளைச்சேன்.

கனோப்பி (காக்பிட் மேலே வர்ற கண்ணாடிக் கூண்டு) கதை பெருசு. கிட்ல வந்தது சோடா பாட்டில் அடி மாதிரித் தடிமன், நடுவுல கீறல் வேற. பற்பசை போட்டுத் தேய்ச்சா கீறல் போச்சு, தடிமன் போகல. அதனால உள்ளே வாசலின் தடவி பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊத்தி அச்சு எடுத்தேன். தண்ணி பாட்டில்ல சதுரமா ஒரு துண்டு வெட்டி, அட்டைச் சட்டத்துல பின் அடிச்சு, மெழுகுவர்த்திக்கு மேலே காட்டி இளக்கி, அச்சு மேலே இழுத்தேன். முதல் துண்டு கருகிருச்சு. ரெண்டாவது கிழிஞ்சுது. மூணாவது வெளுத்துப் பால் மாதிரி ஆயிருச்சு. வீட்டுல "பொம்மைக்காகப் பாட்டிலை எரிச்சுக்கிட்டு இருக்கார்"னு போன்ல யார்கிட்டயோ சொல்றாங்க. அஞ்சாவது வந்துச்சு! கண்ணாடி மாதிரிங்க.

ரிவெட்_ராமன்

அருமை. திறந்து வைப்பதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். நேட்டில் முன்கண்ணாடி உடலோடு நிற்காது. முழுக் கூண்டும் பின்பக்கக் கீலில் ஒன்றாக மேலே எழும். முன்கண்ணாடியைத் தனியாக ஒட்டி மீதியை மட்டும் திறந்து வைத்தால் தப்பு.

சூலூரான்

நல்லவேளை கேட்டேனுங்க, வெட்டறதுக்கு ரம்பத்தை எடுத்துட்டேன். முழுசாத் திறந்து வைக்கறேன்.

மஞ்சள் பெயின்ட் ஆன்லைன்ல வாங்கினது வரவே இல்ல. தீப்பிடிக்கிற பொருள்னு கூரியர்ல நிறுத்தி வச்சிருக்காங்களாம். உள்ளூர்ல வண்டி டச்-அப் கடையில கலந்து வாங்கலாமுங்களா?

மயிலாப்பூர்_மாடலர்

வாங்கலாம், ஆனா நேரா பிளாஸ்டிக் மேலே அடிக்காதீங்க, கரைக்கும். முதல்ல பிரைமர், தூவற மாதிரி மெல்லிசா ரெண்டு தடவை. அப்புறம் வெள்ளை. அப்புறம்தான் மஞ்சள். மஞ்சளுக்கு மறைக்கற சக்தி கம்மி. சாம்பல் மேலே அடிச்சா பச்சையாத் தெரியும், ஊறுகாய் மாங்கா கலர். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவுல வெளிர் ரோஸ் ஒரு கோட் அடிக்கறவங்களும் உண்டு, மஞ்சள் சூடா வரும். பொறுமையா நாலஞ்சு கோட். ஒரே கோட்ல மறைக்கணும்னு பார்த்தா வழிஞ்சிடும்.

ஸ்காபரோக்காரன்

டீக்காலை யன்னல் கண்ணாடியில வெய்யில் படுற மாதிரி ஒட்டி ரெண்டு கிழமை விடுங்கோ, மஞ்சள் குறையும். பிறகு மேலே தெளிவான லேக்கர் ஒருக்கா தெளிக்க வேணும், இல்லாட்டித் தண்ணியில போட்டவுடன பொடியாப் போகும். முதல்ல தேவையில்லாத ஒண்டைப் போட்டுப் பாருங்கோ.

சூலூரான்

மன்னிக்கணும், ஒன்றரை மாசம் ஆயிருச்சு. முடிஞ்சுதுங்க.

டீக்கால்: சூலூர் வெயில்ல பத்தே நாள்ல வெளுத்துருச்சு. லேக்கர் அடிச்சும் ஒரு வட்டம் மூணாப் பிளந்துச்சு, தூரிகை முனையில நகர்த்திச் சேர்த்துட்டேன். ஒரு நீலப் புள்ளி ஒட்டாம விட்டுப்போச்சு, அது எங்கேன்னு சொல்ல மாட்டேன், ராமன் சார் கண்டுபிடிக்கட்டும்.

மஞ்சள்: ஆறு கோட். வெள்ளைக்கு மேலே ரோஸ் அடிச்சேன். சித்தப்பா நடுவுல வந்து பார்த்துட்டு "பஞ்சு மிட்டாய் விக்கப் போறியா"ன்னார்.

இறக்கைச் சரிவு: ஐயா சொன்ன அட்டை வடிவம் வேலை செஞ்சுது. ரெண்டு நுனியும் மேசையில இருந்து ஒரே உயரம்.

நீளம் அளந்தேன், 134க்கு ஒரு மி.மீ. குறைச்சல். மூக்கைத் தேய்ச்சதுல போயிருக்கும்னு நினைக்கறேன்.

ரேகையை விட்டுட்டேன். ராமன் சார் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை, பளபளப்புல ஒவ்வொரு வரியும் தெரியுது. நேத்து சித்தப்பா கையில குடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழ்ப்பக்கம் பார்த்துட்டு, "இங்க ஒரு இடம் தேய்க்காம விட்டிருக்கியே, சோம்பேறி" அப்படீன்னார். அது அவர் விரல்னு நான் சொல்லலீங்க.

ரிவெட்_ராமன்

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீலப் புள்ளி இருக்கட்டும், எய்லரான் கோடு வலது பக்கம் கால் மில்லிமீட்டர் உள்ளே போயிருக்கிறது. மற்றபடி, இது டி.1தான்.

ஷாப்_ஃப்ளோர்

கதவு நன்றாக இருக்கிறது.

மயிலாப்பூர்_மாடலர்

அந்தச் செக் கிட் கிடைச்சுதா பாஸ்? கிடைச்சா புது இழை போடுங்க, ராமன் சார் இப்பவே ஸ்கேலோட உக்காந்திருக்கார்.